மொந்தையின் பங்கு

1

தமிழ் விமர்சனத்தில் அதிகம் கைமாறித் தேய்ந்த நாணயம் ‘பழைய கள், புதிய மொந்தை’. ஒரு கவிதைத் தொகுதி பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று யோசிக்க அவகாசமும் இல்லை என்றால் இதை எடுத்து வீசிவிடலாம். யாரும் உரசிப் பார்க்க மாட்டார்கள். நானும் வீசியிருக்கிறேன். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு மதிப்புரையை இந்த வாக்கியத்தோடு முடித்தேன். அந்தக் கவிஞரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘கள் இறக்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டிருந்தார். நான் பனங்காட்டு ஊர்க்காரன். கேள்வி எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. பதில் போடவில்லை.

சென்ற மாதம் என் அக்கா மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். சென்னையில் ஓட்டல் நிர்வாகம் படிக்கிறான். ஒயினைத் தேர்ந்து பரிமாறுகிற சொமலியே ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கொரு பரீட்சை இருக்கிறது. ‘ஓக் பீப்பாய் – வனிலா, கிராம்பு, தேங்காய், புகை’ என்று ஒரு பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தான். “மாமா, ஒயின் திராட்சையில்தானே செய்கிறார்கள்? இதில் தேங்காய் எங்கிருந்து வந்தது?” என்றான். நான் குடிப்பவனல்ல. ஆனால் ஆங்கிலம் படித்தவன் என்று வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மாதம் படித்தேன். படித்ததில் அவன் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கவிஞரின் கேள்வியும் புரிந்தது. 

2

பீப்பாய் ருசிக்காக உண்டான பொருளல்ல. அது சுமைக்காக உண்டானது.

கிரேக்கரும் ரோமானியரும் ஒயினை மண்சாடியில் வைத்தார்கள். ஆம்ஃபோரா என்கிற, இரண்டு கைப்பிடியும் கூர்த்த அடியும் கொண்ட சாடி. அதைத்தான் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டி எடுத்தார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனுக்கு வாழ்த்தாகச் சொல்லும் நக்கீரரின் புறநானூற்றுப் பாட்டில் ‘கலம்’ என்ற சொல் வருகிறது. கலம் என்றால் பாத்திரம். கலம் என்றால் கப்பலும்தான். இந்த இரட்டை அர்த்தம் தற்செயலானதல்ல என்று பீப்பாயின் சரித்திரத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது.

சாடிக்கு ஒரு குறை. அதன் சுமை பெரும்பாலும் அதுவேதான். இத்தாலிய ஒயின் வந்த ஒருவகைச் சாடி வெறுமையாகவே சுமார் 25 கிலோ இருக்கும். உள்ளே கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது கப்பல் பாதி மண்ணைச் சுமந்தது. மரம் நிறைந்த வடக்கே வேறு யோசனை பிறந்தது. ஆல்ப்ஸ் பக்கத்து மக்கள் ஒயினை வளையம் பூட்டிய மரப்பாத்திரங்களில் வைக்கிறார்கள் என்று முதலாம் நூற்றாண்டில் பிளினி குறித்து வைத்தார். கி.மு. 51இல் சீஸரின் படை உக்செல்லோடுனம் என்ற ஊரை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த காலியர் பீப்பாய்களில் கொழுப்பும் கீலும் மரச்சில்லும் நிரப்பிக் கொளுத்தி மேலிருந்து உருட்டிவிட்டார்கள். எழுத்தில் பீப்பாய் தலைகாட்டும் பழைய இடங்களில் இது ஒன்று. அதில் ஒயின் இல்லை, நெருப்பு இருக்கிறது. ஆனால் அதன் குணம் இதிலேயே தெரிகிறது. அது உருளும்.

கி.பி. 113இல் ரோமில் நட்ட ட்ராஜன் தூணில் டான்யூப் கரையில் பீப்பாய் ஏற்றும் படகுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில், ஜெர்மனியின் நோய்மாகன் ஊரில் ஒரு கல்லறைமேல் பீப்பாய் ஏற்றிய கப்பலையே கல்லில் வைத்தார்கள். வெறும் பீப்பாய்களை எல்லைப்புறப் படைவீரர்கள் கிணற்றுக்கு உறையாக இறக்கினார்கள். இன்று அகழ்வாய்வில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த உறைகளே. அவற்றில் பல ஓக் மரமுமல்ல, ஊசியிலை மரங்கள். கைக்கு எது வந்ததோ அது.

ருசியின் கணக்கில் பார்த்தால் பீப்பாய் ஒரு பின்னடைவு. அடைத்து முத்திரையிட்ட சாடியில் ஒயின் பல வருஷம் கிடந்து முதிரும். மரம் மூச்சு விடும். ஒயின் மெல்ல ஆவியாகும், காலியான இடத்தில் காற்று புகும், புளிக்கும். மத்திய காலத்தில் போர்தோ ஒயினைப் புதிதாக, அந்த வருஷத்துக்குள்ளேயே குடித்தார்கள். பழைய ஒயின் விலை இறங்கும். முதிர்ந்த ஒயின் என்ற அனுபவத்தையே ஐரோப்பா பல நூற்றாண்டுகள் இழந்தது. வியாபாரம் ருசியைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை.

மாறாக, பீப்பாய் கப்பலை அளக்கத் தொடங்கியது. 1152இல் எலியனோர் ஹென்றியை மணந்தாள். அவன் இங்கிலாந்தின் அரசனானதும் போர்தோ அந்நாட்டு ஆட்சிக்குள் வந்தது. 1453 வரை இருந்தது. வருஷந்தோறும் ஒயின் கப்பல்கள் போயின. ஒரு கப்பல் எத்தனை ‘டன்’ பீப்பாய் கொள்ளும் என்பதே அதன் அளவாயிற்று. டன் என்பது 252 காலன் பிடிக்கிற பெரிய பீப்பாயின் பெயர். இன்று லாரியில் ஏறும் ஜல்லிக்கும் சிமெண்டுக்கும் நாம் சொல்கிற டன் அதுதான். அதில் பாதி ‘பைப்’. போர்த்துகீசியத்தில் ‘பீப்பா’. நம் பீப்பாய் அந்தச் சொல்தான், கடல் வழியாக வந்து இறங்கி, தார் பீப்பாய், தண்ணீர்ப் பீப்பாய் என்று தொழில் மாறிப்போனது. ஒயின் இல்லாமல் அதன் மொந்தையை மட்டும் தமிழ் வாங்கி வைத்துக்கொண்டது.

பெயரோடு சரக்கும் இந்தப் பக்கம் வந்ததுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் மதீரா தீவில் நின்று ஒயின் ஏற்றிக்கொண்டு இந்தியா வரும். பூமத்திய ரேகையின் வெப்பத்தில், கப்பலின் அடித்தளத்தில், மாதக்கணக்கில் பீப்பாய்கள் குலுங்கும். வேறு ஒயின் கெட்டுப்போகிற அந்தப் பிரயாணத்தில் மதீரா மேம்பட்டது. விற்காமல் திரும்பிப் போன பீப்பாய்க்கு அங்கே அதிக விலை கிடைத்தது. பிறகு அந்தத் தீவுக்காரர்கள் கப்பலில் அனுப்பாமலே, சூடேற்றிய அறைகளில் வைத்து அதே ருசியைக் கொண்டுவரக் கற்றார்கள். விபத்து முறையாக மாறுகிறது. இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும், திரும்பவும் வரும்.

3

பீப்பாய் செய்கிறவனைப் பற்றி. கென்னத் கில்பி என்பவர் பீப்பாய்த் தொழில் குடும்பத்தில் பிறந்து, தானும் செய்து, அதைப் பற்றி 1971இல் ஒரு புத்தகம் எழுதினார். மது வடிப்பாலைகளுக்கு உலோகப் பீப்பாய் வந்து தொழில் சாய்ந்த பிறகு எழுதியது. செய்த கை எழுதினால் எழுத்து வேறு மாதிரி இருக்கிறது.

ஓக் மரத்தை ஐரோப்பாவில் பீப்பாய்க்கு அறுப்பதில்லை, பிளக்கிறார்கள். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரக்கால்கள் போல ஓடும் கதிர்கள் உண்டு. அவற்றின் வழியே பிளந்தால் பலகை ஒழுகாது. ரம்பம் வைத்தால் நாளங்கள் வெட்டுப்பட்டுக் கசியும். இதனால் மரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பலகையாகத் தேறும். அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தின் நாளங்கள் இன்னும் நன்றாகத் தாமே அடைத்துக்கொள்கின்றன. அதனால் அதை அறுக்கலாம், சேதம் குறைவு. பிளந்த பலகையை வெட்டவெளியில் அடுக்கி இரண்டு மூன்று வருஷம் மழையிலும் வெயிலிலும் விட்டுவிடுகிறார்கள். காய்வதற்கு மட்டுமல்ல. கசப்பும் துவர்ப்பும் மழையில் கழுவிப்போக வேண்டும், பூசணம் வந்து மரத்தை மாற்ற வேண்டும்.

பிறகு செதுக்கல். நம் தச்சன் மரத்தைக் கிடத்தி அதன்மேல் இழைப்புளியைத் தள்ளுவான். பீப்பாய்க்காரன் நீண்ட இழைப்புளியைச் சாய்த்து நிறுத்தி அதன்மேல் மரத்தைத் தள்ளுகிறான். ஒவ்வொரு பலகையும் நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்க வேண்டும். அதன் விளிம்பு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டத்தின் மையத்தை நோக்கிச் சாய வேண்டும். சுமார் 30 பலகைகள் சேர்ந்தால் ஒரு வட்டம். ஒன்றின் அகலம் போல் இன்னொன்று இருக்காது. வரைபடம் கிடையாது. கண்ணால்தான் பார்த்துக்கொள்கிறான். எங்கள் கிளையில் நகைக் கடனுக்கு மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார், ஒரு நிமிஷம் பார்ப்பார், மாற்றைச் சொல்வார். அவர் சொல்வதை நான் எழுதிக்கொள்வேன். பேரேட்டில் இருப்பது என் கையெழுத்து, அறிவு அவருடையது. 

ஒரு பக்கம் வளையம் பூட்டிய பலகைகள் மறுபக்கம் பாவாடை போல விரிந்து நிற்கும். நடுவில் ஓக் சுள்ளிகளால் நெருப்பு மூட்டி, வெளிப்புறம் தண்ணீர் தெளித்து, கயிற்றுச் சுருக்கால் மெல்ல இறுக்குவான். சூட்டில் மரம் வளையும். விரிந்த பக்கம் ஒடுங்கி, மறு வளையம் ஏறும். இரு முனையிலும் உட்புறம் காடி எடுத்து மூடிப்பலகையைப் பொருத்துவான். ஆணி இல்லை, பசை இல்லை. உள்ளே இருக்கும் திரவம் மரத்தை ஊதவைத்து இடைவெளியை அடைக்கிறது. அதாவது பீப்பாய் பூர்த்தியாவது நிரம்பிய பிறகுதான். வெறும் பீப்பாய் வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி வளையம் கழன்று சரிந்துவிடும்.

என் மருமகனின் தேங்காய் இங்கேதான் இருக்கிறது. பலகையை வளைப்பதற்காக மூட்டிய நெருப்பு மரத்தின் உள்முகத்தை வாட்டுகிறது. மரத்தை மரமாக நிறுத்தியிருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதைந்து வனிலின் ஆகிறது. வனிலாக் காயில் இருப்பதும் அதே வனிலின். கிராம்பின் வாசனையான யூஜினால் ஓக் மரத்திலும் இருக்கிறது. புகை வாடை குவாயகால். தேங்காய் மணம் லாக்டோன் என்ற பொருளால் வருகிறது, அமெரிக்க ஓக்கில் அது அதிகம். உவமையாகச் சொல்கிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதி உவமையே அல்ல. அந்தப் பொருளே அங்கே இருக்கிறது. இதற்கு மேல் காற்று. பலகையின் வழியாகவும் இடுக்கின் வழியாகவும் நுழையும் சொற்பப் பிராணவாயு ஒயினின் துவர்ப்பைத் தணிக்கிறது, நிறத்தை நிலைப்படுத்துகிறது. ஒயினைப் பக்குவம் செய்வது பிராணவாயுதான் என்று 1866இல் வெளிவந்த தம் நூலில் பாஸ்டர் வாதிட்டார். பதிலுக்கு ஒரு பங்கு ஆவியாகிப் போகிறது. அதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் அந்த இழப்பின் கணக்கை எழுதியவர்களாக இருக்க முடியாது.

4

மரம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. பிரான்ஸின் நடுவில் அல்லியே மாவட்டத்தில் ட்ரோன்சே என்றொரு காடு, 10,000 ஹெக்டேருக்கு மேல். 14ஆம் லூயியின் மந்திரி கோல்பேர் 1669இல் ஒரு வனச்சட்டம் கொண்டுவந்தார். பிரெஞ்சுக் கடற்படைக்கு ஓக் மரம் வேண்டும். இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு கட்டப்போகிற கப்பலுக்கு இன்றே மரம் வளர்க்க வேண்டும். அவ்வளவு தூரம் பார்த்த ஆட்சியாளர் அபூர்வம். 

ஆனால் சரித்திரம் அவர் பார்த்த திசையில் போகவில்லை. 1788இல் அந்தக் காட்டுக்கே ஓர் இரும்பு உலை வந்து பெரும்பகுதியைக் கரியாக்கித் தின்றது. 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் காடு வளர்த்தார்கள். அதற்குள் 1859இல் ‘லா குளோயர்’ என்ற இரும்புக் கவசக் கப்பலைப் பிரான்ஸே கடலில் இறக்கிவிட்டது. மரக்கப்பலின் காலம் முடிந்தது. கப்பலுக்காக நெருக்கமாக நட்டு, நேராக, மெதுவாக வளர்ந்த மரம் காத்திருந்தது. மெதுவாக வளர்ந்ததால் அதன் வருஷ வளையங்கள் நெருக்கமானவை. பீப்பாய்க்கு அதுவே வேண்டியது. போரில் தோல்வியடையாமலே வேலை இழந்த மரம், இன்று பிரெஞ்சு ஒயினின் பெருமை.

அதைப் போலவே பீப்பாயும் வேலை இழந்தது. போர்தோவில் ஒயினைப் பீப்பாயிலேயே வியாபாரிக்கு அனுப்புவது வழக்கம். 1924இல் ஃபிலிப் த ராத்ஷீல்ட் தன் மூத்தோன் தோட்டத்து ஒயின் முழுவதையும் அங்கேயே புட்டியில் அடைத்தார். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். 1961இல் ஓப்ரியோன் தோட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள் வந்தன. இனி சுமக்கப் பீப்பாய் வேண்டாம், நொதிக்க வைக்கவும் வேண்டாம். தர்க்கப்படி அது தார் ஊற்றப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சுமப்பதற்கு அவசியம் இல்லாமல் போன பிறகுதான் அதன் ருசி தெரிந்தது. இரண்டாயிரம் வருஷம் ஒயினோடு கலந்திருந்த ஒன்று, விலக முடிகிற நிலை வந்தபோதுதான் தனியாகக் கண்ணில் பட்டது.

இதற்கு ஓர் அத்தாட்சி கலிஃபோர்னியாவில். ஸெல்லர்பாக் என்பவர் பர்கண்டி ஒயினில் மோகம் கொண்டு ஸொனோமாவில் அதே திராட்சையை நட்டார். 1957இல் முதல் ஒயின். அதற்குப் பிரான்ஸிலிருந்து பீப்பாய்களையும் தருவித்தார். அதுவரை அமெரிக்கர்கள் மண், வெயில், கொடி என்று தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சு ருசியின் ஒரு பகுதி மரத்தில் இருந்தது. உள்ளடக்கம் என்று நினைத்துக் கொண்டாடியதில் பாதி உருவம்.

தமிழில் உருவவாதிகள் இதைப் படித்துச் சந்தோஷப்படுவார்கள். அவசரப்பட வேண்டாம். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பீப்பாய்தான் ருசி என்று தெரிந்ததும், எல்லா ஒயினும் புது ஓக்கில் முங்கியது. எந்தத் திராட்சை, எந்த ஊர் என்று தெரியாத வனிலாத் தண்ணீர் உலகமெங்கும் ஓடியது. அடுத்த படி, பீப்பாயே வேண்டாம் என்பது. ஓக் மரச் சில்லுகளைத் துணிப்பையில் கட்டி எஃகுத் தொட்டிக்குள் தொங்கவிட்டார்கள். 2006இல் ஐரோப்பிய யூனியனும் இதற்கு அனுமதி கொடுத்தது. வாசனை வருகிறது. மெல்லப் புகுந்த காற்று இல்லை, காத்திருந்த மாதங்கள் இல்லை. பரீட்சையில் இதற்கும் அதே நான்கு வார்த்தைகள்தான் பதில்.

நம் கவிதையிலும் சில்லு மூட்டை உண்டு. படிமம், இருண்மை, சிதைந்த வரி. ஒரு காலத்தில் ஒருவனுக்கு வேறு வழியில்லாமல், அவன் அனுபவத்தைச் சுமப்பதற்காக உண்டான உருவம், இன்னொருவன் தொட்டியில் வாசனைக்காகத் தொங்குகிறது. அதைக் கண்டுபிடிப்பது விமர்சகனின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் நான் பழைய கள் என்று எழுதினேன்.

5

ஊருக்குப் போயிருந்தேன். கள்ளுக்குத் தடையுள்ள காலத்தில் வளர்ந்தவன் நான். பார்த்ததெல்லாம் பதநீர் இறக்குவதுதான். மரத்தில் ஏறுமுன் பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார். சின்ன வயதில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஏனென்று கேட்டதில்லை. இப்போது கேட்டேன். 

“தடவுனா பதநீ, தடவாட்டி கள்ளு,” என்றார் பெரியவர். “வடியுறது ஒண்ணுதான்.”

ஒரே மரம், ஒரே பாளை. கலயத்தின் உட்புறம்தான் தீர்மானிக்கிறது. கழுவாத பழைய கலயமென்றால் சீக்கிரம் பொங்கும் என்றும் சொன்னார். பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றினால் பழைய கள்ளாகவே இருக்கும் என்று முதலில் சொன்னவன் கள் விற்றவனாக இருக்கலாம், இறக்கியவனாக இருக்க முடியாது.

மருமகனுக்கு நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பரீட்சைக்கு இவ்வளவு தேவைப்படாது மாமா என்றான். பிறகு, ஒரு பீப்பாயை உள்ளே எட்டிப்பார்த்து முகர்ந்தால் மரம் தெரியுமா, நெருப்பு தெரியுமா என்று கேட்டான். அது பரீட்சையில் இல்லாத கேள்வி. அவன் தேறுவான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொகுதியை எடுத்து மறுபடி படித்தேன். இப்போதும் அது எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் ஏழெட்டுக் கவிதைகளில் வரி எங்கே உடைகிறதோ அங்கேதான் விஷயம் பிறக்கிறது, அதை நான் அன்று படிக்கவேயில்லை. மீதியில் சில்லு வாசனை அடிக்கிறது. எந்தெந்தக் கவிதைகள் என்று பக்க எண்ணோடு எழுதி, என் பழைய வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, கவிஞருக்கு நேற்றுத்தான் பதில் போட்டேன். கள் இறக்குவதை நான் பார்த்ததில்லை என்பதையும் எழுதினேன்.